மின்விசிறிக்கு மேலே

எலக்ட்ரீஷியனின் கை கூரைக்குள் முழங்கை வரை போனது. அதுதான் கீழே படுத்திருந்தவருக்கு முதலில் உறுத்தியது.

கட்டிலில் மல்லாந்து கிடக்கும் மனிதருக்குக் கூரையை விட்டால் வேறு போக்கிடம் ஏது? ஆறு மாதமாக அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளையடித்தபோது உதிர்ந்த தூரிகை மயிர் ஒன்று எந்த மூலையில் ஒட்டியிருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். தளத்தின் கனம் ஐந்து அங்குலம் என்பதும் தெரியும். வீடு கட்டும்போது கொத்தனாரை நச்சரித்து அளக்கவைத்தவரே அவர்தான். மேலே குடித்தனம் எதுவும் கிடையாது. மொட்டை மாடி, துணி காயப்போட இரண்டு கம்பி, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். அந்தத் தளத்துக்குள் ஒருவர் கையை முழங்கை வரை விட்டால், இந்நேரம் அவருடைய விரல்கள் மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனுக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பழைய மின்விசிறியைக் கழற்றி இறக்கிவிட்டு, அது தொங்கிய குழிக்குள் கையை விட்டு, கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தார். கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, ஏணியைப் பிடித்தபடி நின்ற மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"உள்ள ஏதும் கூடு கீடு கட்டியிருக்கா அண்ணே?"

"கூடு மாதிரி தெரியலம்மா. ஆனா ஜில்லுனு இருக்கு. வெயில் இந்தப் போடு போடுது, தளம் எப்படி ஜில்லுனு இருக்கும்?" இன்னும் கொஞ்சம் எட்டித் துழாவியவர், சட்டென்று கையை உருவிக்கொண்டார். "யாரோ விரலைப் புடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. வலது கையைச் சட்டையில் துடைத்தார். சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை துடைத்தார்.

கட்டிலில் கிடந்தவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார். "வேணாம்" என்றுதான் வந்தது.

இருபத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் அவர். அடுத்தவர் எழுத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் ஒருசேர வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவை இரண்டே சொல். ஒன்று 'ம்', இன்னொன்று 'வேணாம்'. பசித்தாலும் வேணாம், வலித்தாலும் வேணாம், கிட்டே வா என்று கூப்பிட நினைத்தாலும் அந்தப் பாழாய்ப்போன வேணாம்தான் வந்து விழுந்தது. மனைவி முதல் மாதம் அதைக் கேட்டு அழுதாள். பிறகு அதையே விளையாட்டாக்கிக்கொண்டாள். "மகாராஜா வேணாம்னுட்டாரு, அப்ப ரெண்டு கரண்டி சேர்த்துப் போடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊட்டிவிடுவாள்.

பகலில் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நண்பகலில் கீழ்வீட்டு அக்கா வந்து அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி தூக்குவது, திருப்புவது, துடைப்பது, தூங்கவைப்பது எல்லாம் மனைவிதான். அவள் இல்லையென்றால் தான் இல்லை என்பதை அவர் எந்தப் பூச்சும் இல்லாமல் தமக்குள் ஒப்புக்கொண்டிருந்தார். சாவுக்குக்கூட அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. அவளுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்றுதான் பயம்.

புது மின்விசிறி மேலே ஏறியது. கட்டில் பழையபடி அதன் நேர் கீழே வந்தது. வெள்ளை இறக்கைகள் சத்தமில்லாமல் சுழன்றன.

"பாத்தீங்களா, புது மாப்பிள்ளை மாதிரி வாயே திறக்கல" என்றாள் மனைவி. "நாளானாத்தான் குணம் தெரியும்."

"காத்து வருதா சார்?" என்று எலக்ட்ரீஷியன் குனிந்து கேட்டார். பிறகு மனைவியிடம் மேலே காட்டினார். "பழசுக்குக் குழியை மூட பெரிய கிண்ணம் இருந்துச்சு. புதுசுக்குச் சின்னதுதான் வருது. அதான் ஓரத்துல கொஞ்சம் இடைவெளி தெரியுது. ரெண்டு நாள்ல பெரிய கிண்ணமா பாத்துக் கொண்டாந்து மாட்டிடறேன்."

அந்த இடைவெளி பிறை வடிவில் இருந்தது. மூன்று விரல் அகலம் இருக்கும். அறையில் ஜன்னல் வெளிச்சம் தாராளமாக இருந்தும் அதற்குள் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் போகவில்லை.

மறுநாள் பகலில் கரண்ட் போனது. கீழ்வீட்டு அக்கா சாப்பாடு கொடுத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு முறை குலுங்கி அடங்க, தெருவில் யாரோ எங்கோ ஓட்டிக்கொண்டிருந்த துளைபோடும் இயந்திரமும் அதோடு சேர்ந்து ஓய, இதுவரை வீட்டில் இத்தனை சத்தம் இருந்ததா என்று வியக்கும்படி ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. இறக்கைகள் மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒவ்வொன்றாக அடையாளம் தெரியத் தொடங்கி, கடைசியில் நின்றன. வியர்வை கழுத்துக்குக் கீழே வழிந்து தலையணையை நனைத்தது. அப்போது ஒரு வாசனை இறங்கியது. காயாத துணியை அலமாரிக்குள் வைத்து நாள்கணக்கில் பூட்டிவிட்டால் வருமே, அந்த வாசனை.

பிறையிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது.

பல்லி என்றுதான் நினைத்தார். பிறகு இரண்டாவது விரல் வந்தது. மூன்றாவது. தெரியாத வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவரைப்போல அவை கூரையைத் தடவித் தடவிப் பார்த்தன. கட்டைவிரலும் வந்தது. அதன் நகம் கறுத்து, நடுவில் வெடித்திருந்தது. நேற்று இதே அறையில் திருப்புளியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்த கட்டைவிரல் அது.

மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. மின்விசிறி தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கை கீழே இறங்கி, நின்றிருந்த இறக்கை ஒன்றைத் தொட்டு, அதைப் பின்பக்கமாக மெதுவாகத் தள்ளியது. இறக்கை கால்சுற்று சுற்றி நின்றது. கை மறுபடியும் தள்ளியது. அவர் கத்தினார். தொண்டைக்குள் காற்றுதான் உரசியது.

கரண்ட் வந்தது. இறக்கை கையின் மேல் 'டக்'கென்று அடித்தது, மறு இறக்கையும் அடித்தது, கை விருட்டென்று பிறைக்குள் போய்விட்டது. மின்விசிறி ஒன்றும் நடக்காததுபோல் சுழன்றது.

மாலையில் மனைவி வந்து அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க இப்படி வேர்த்திருக்கு? கரண்ட் இல்லையா?" என்றாள். அவர் கண்ணை மேலே மேலே தூக்கிக் காட்டினார். ஒரு சொல்லாவது வராதா என்று பல்லைக் கடித்து முக்கினார். வந்தது. "கை."

அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. ஆறு மாதத்தில் புதிதாக ஒரு சொல். ஓடிவந்து கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய உயிரில்லாத வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். "கை வலிக்குதா? உணர்ச்சி தெரியுதா? டாக்டர் அப்பவே சொன்னாருங்க, சொல்லாமக் கொள்ளாம ஒருநாள் வரும்னு." தோளிலிருந்து விரல்நுனி வரை நீவிவிட்டாள். நீவ நீவ அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. அவள் அதையும் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டாள்.

கிண்ணம் வரவில்லை. அடுத்த நாள் அவள் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு வந்தவளின் குரல் இறங்கியிருந்தது.

"பாவங்க அந்த அண்ணன். நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போன அன்னிக்குச் சாப்பிட உக்காந்தாராம், வலது கை தட்டுக்கே போகலையாம். தோள்ல இருந்து அப்படியே தொங்குதாம். உங்களுக்கு வந்த மாதிரியேன்னு அவர் வீட்டம்மா சொல்லி அழறாங்க."

அவருக்கு வந்த மாதிரி. அவருக்கு எப்படி வந்தது? இத்தனை நாள் அவர் நினைத்துப் பார்க்க மறுத்த காலை அது. பழைய மின்விசிறியின் தூசியைத் துடைக்க முக்காலி போட்டு ஏறினார். கிண்ணம் சற்றே கீழே வழுக்கியிருந்தது. வலது கையால் அதை மேலே தள்ளினார். விரல்கள் விளிம்பைத் தாண்டிக் குழிக்குள் போயின. உள்ளே சில்லென்று ஏதோ அந்த விரல்களை வாங்கிக்கொண்டது. அடுத்து அவருக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரியின் கூரைதான். ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். படம் பிடித்தும் காட்டினார்கள். யார்தான் நம்பமாட்டார்கள்?

அதற்கு மறுநாளும் பகலில் கரண்ட் போனது. இந்த முறை வந்தது வேறு கை. மெலிந்த கை. நடுவிரலின் பக்கவாட்டில் பேனா பிடித்துக் காய்த்த காய்ப்பு, ஆள்காட்டி விரல் நகக்கண்ணில் இருபத்தாறு வருடமாகத் தேய்த்தும் போகாத சிவப்பு மசி. தம்முடைய கையை அடையாளம் தெரியாமல் போகுமா ஒரு மனிதருக்கு? போர்வைக்கு வெளியே அவருடைய வலது கை மரக்கட்டையாகக் கிடந்தது. மேலே இருந்தது உயிரோடு இருந்தது. அது முழங்கை வரை இறங்கியது. முழங்கைக்கு மேல் தோள் வரவில்லை, இன்னொரு முழங்கை வந்தது. அதற்கும் மேல் இன்னொன்று. இறக்கைகளுக்கு ஊடே நுழைந்து, அவர் முகத்துக்கு மேலாகக் கடந்து, பக்கத்தில் மனைவி தலைவைத்துப் படுக்கும் தலையணைக்கு மேலே போய் நின்றது.

ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு கோடு போட்டது. கோட்டின் முனையில் ஒரு சுழி சுழித்தது. அச்சகத்தில் ஒரு நாளைக்கு நூறு முறை அவர் போட்ட குறி அது. ஒரு சொல்லை எடுத்துவிடு என்று அர்த்தம். தலையணைக்கு மேலே அது அந்தக் குறியைப் போட்டது, மறுபடியும் போட்டது, கரண்ட் வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு அவருக்கு ஒரே எண்ணம்தான். மின்விசிறியை நிறுத்தவிடக் கூடாது. ஓடுகிறவரை அது இறங்காது. அதை அவளிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும். அன்றும் மறுநாளும் கிடந்த கிடையில் வாய்க்குள் சொற்களை உருட்டிப் பார்த்தார். 'நிறுத்தாதே' என்று சொல்லலாம். ஆனால் அவருடைய நாக்கு எந்தச் சொல்லின் வாலையும் தின்றுவிடும். 'நிறுத்து' என்று போய் விழுந்துவிட்டால்? 'வேணாம்' செல்லாக்காசாகி வெகு நாளாயிற்று. 'பேய்' என்றால் சிரிப்பாள். மேலே ஒன்று இருக்கிறது, அது இவளுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும், அந்தச் சொல் அறுந்தாலும் அர்த்தம் மாறக் கூடாது. தேடித் தேடிக் கடைசியில் ஒன்றைப் பிடித்தார். மேலே கண்ணைக் காட்டிக்கொண்டே அதைச் சொன்னால் அவளுக்குப் புரியாமல் போகாது. நூறு முறை, இருநூறு முறை, ஆளில்லாத அறையில் உதடு வலிக்க அதைப் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிச்சம் போவதற்கு முன்பே மழை வந்தது. மனைவி ஜன்னல் கதவை அகலத் திறந்தாள். ஈர மண்ணின் வாசனையோடு குளிர்ந்த காற்று உள்ளே வந்து திரைச்சீலையைத் தூக்கி அடித்தது. அவள் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"குளிருதுல்ல? ஃபேனை அமத்திடவா?"

இதுதான் நேரம். அவர் கண்ணைப் பிறையின் மேல் நிறுத்தினார். உடம்பிலிருந்த அத்தனை பலத்தையும் நாக்குக்குக் கொண்டுவந்தார்.

"காத்திருக்கு."

ஓர் எழுத்துக்கூட அறுபடவில்லை. அவள் அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது.

"காத்து இருக்கா? ஆமாங்க. ஆமா. ஜன்னல் வழியா நல்லா காத்து இருக்குங்க. ஐயோ, எவ்வளவு தெளிவா சொல்றீங்க."

அவருக்கு உலகமே இருண்டது. ஒரே ஓர் இடைவெளி. இரண்டு சொல்லையும் சேர்த்தால் ஒன்று, பிரித்தால் வேறொன்று. தாளில் இருந்திருந்தால் கீழே ஒரு வளைகோடு போட்டுச் சேர்த்துவிட்டிருப்பார். எத்தனையோ எழுத்தாளர்களோடு அந்த இடைவெளிக்காகச் சண்டை பிடித்திருக்கிறார். வாயால் எப்படிச் சேர்த்துக் காட்டுவது? "காத்திருக்கு" என்று மறுபடியும் சொன்னார். "காத்திருக்கு, காத்திருக்கு." அவர் சொல்லச் சொல்ல அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "தெரியுதுங்க, தெரியுது. இவ்வளவு காத்து இருக்கும்போது இது எதுக்கு?" என்று போய்ச் சுவிட்சை அமுக்கினாள்.

"வேணாம்" என்றார்.

"சரிங்க மகாராஜா" என்றாள்.

இறக்கைகள் தளர்ந்தன. அவள் வந்து அவருக்கு வலப்பக்கம், அவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். வாரம் முழுக்க நின்றே வேலை பார்த்த களைப்பு. கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு டாக்டருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், கீழ்வீட்டு அக்காவிடம் சொல்ல வேண்டும், அக்கா நம்பமாட்டார், நீங்களே ஒரு தரம் சொல்லிக் காட்டுங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இறக்கைகள் நின்றன.

பூட்டிய துணியின் வாசனை.

விரல். அடுத்த விரல். சிவப்பு மசி படிந்த நகம். அவர் இடது கையைத் தூக்கப் பார்த்தார். போர்வையின் கீழ் அது சிக்கிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. மணிக்கட்டு. ஒரு முழங்கை. இரண்டு. மூன்று. அது அவசரப்படவில்லை.

"வேணாம். வேணாம்."

"ம், ம்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

கை அவள் தலையில் இறங்கியது. முரட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகியது. கல்யாணமான புதிதில் அவர் அப்படித்தான் செய்வார்.

அவளுடைய முணுமுணுப்பு நின்றது. உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. இந்த ஆறு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

"என்னங்க" என்றாள், மிகவும் மெதுவாக. "உங்க கை."

இல்லை. இல்லை. இல்லை. நெஞ்சுக்குள் அந்தச் சொல் இடித்தது. வெளியே வரவில்லை.

"நான் கண்ணைத் திறக்க மாட்டேன். திறந்தா நின்னுடும். எடுத்துடாதீங்க, என்ன?" இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தாள். "ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு? சூடு வந்துடும். மெல்ல மெல்ல வந்துடும்." அதைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் அந்த விரல்களின் மேல் வழிந்தது. உள்ளங்கை விரிந்து அவள் வாயை மூடியது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் அதுதான் முடிந்தது. உள்ளங்கை வாயைவிட்டு விலகியபோது அவள் சிரிப்பின் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. மறுபக்கம் கீழே இறங்கியது. உதடு தொங்கியது. பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக நழுவிப் படுக்கையில் விழுந்தன. அவள் கண்ணைத் திறந்து முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஒரு சத்தமும் இல்லை.

கை மேலே போய்விட்டது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் கிடந்தார்கள்.

கூரையிலிருந்து யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"அக்கா" என்று அவள் குரல் அங்கிருந்து கூப்பிட்டது. தெளிவான குரல், சிரிப்பும் களைப்பும் கலந்த அவளுடைய அதே குரல். "அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன். இவரு கை அசையுது, வந்து பாருங்க."

பக்கத்தில் கிடந்தவளின் கண்கள் அகலமாக விரிந்தன.

"நெஜமாவா?" என்று கீழ்வீட்டிலிருந்து பதில் வந்தது. "இதோ வந்துட்டேன்டி." கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பு மாட்டும் சத்தம். பிறகு மாடிப்படியில், ஒவ்வொரு படியாக, காலடிகள் ஏறி வந்தன.